உப்பு அள்ளிய வக்கீலுக்கு 6 மாதம் ஜெயில்! எது குற்றம்? சொல்லித்தரும் 2 படிப்புகள்
வேதாரண்யம் கடற்கரையில் 1930 ஏப்ரல் 30-ந் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். 6 மாதம் ஜெயில்! சேலத்தில் பிரபல வக்கீலாக இருந்தவர் அவர். அன்று குற்றம். இன்று அதே ஊரில் உப்பளம்தான் பலருக்குச் சோறு போடுகிறது.

எது குற்றம் என்று சொல்வது சட்டப் படிப்பு. குற்றம் ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராய்வது குற்றவியல். இரண்டும் படித்த வக்கீலிடம் எதிர்க்கட்சி வக்கீல் ஜாக்கிரதையாகத்தான் இருக்கவேண்டும்!

ஆனால் மாணவர்களே, உஷார்! சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொரு கல்லூரியிலும் ரெகுலராகச் சேர இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் தடை போடுகின்றன. அஞ்சல் வழியில் படிக்கலாம். இல்லாவிட்டால் சட்டத்தை முடித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ குற்றவியல் மேல்படிப்பில் சேரலாம்.

சட்டம் படிக்கப் போய் விதியை மீறி மாட்டிக்கொள்ளலாமா?