குடிநீரில் ஃபுளூரைடு: அளவே நஞ்சாகும்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நச்சியலின் முதற்பாடமும் ஆகும். ஒரு வேதிப்பொருள் தீங்கு செய்யுமா என்பதை அதன் அளவு, உடலில் சேரும் காலம், உட்கொள்பவரின் வயதும் உடல்நிலையும் ஆகியவை முடிவு செய்கின்றன.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு இதற்குத் தக்க சான்று. சிறிதளவு ஃபுளூரைடு பற்சொத்தையைத் தடுக்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. நிலைப்பற்கள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 8 வயது வரை, மிகுதியாக உட்கொள்ளும் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். பல் துலக்குவதால் அவை நீங்குவதில்லை. பல்லாண்டுகள் மிகுதியாகப் பருகினால் எலும்புகளில் படிந்து மூட்டுவலியும் முதுகு விறைப்பும் உண்டாகும். சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலிலிருந்து ஃபுளூரைடு வெளியேறுவது குறைவதால் அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், ஃபுளூரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். எனவே, 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் கிடைக்கும் இடங்களில், பருகவும் சமைக்கவும் அதனையே பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்பியிருப்போர் நீரைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. அளவு மிகுந்திருப்பின் ஆர்.ஓ. கருவி அதனைப் பெருமளவு குறைக்கும்.

நாட்பட்ட மூட்டுவலிக்குச் சிகிச்சை பெற வருவோர், தாம் பல்லாண்டுகள் எவ்வூரில் எந்த நீரைப் பருகினர் என்பதை மருத்துவரிடம் கூற வேண்டும். எலும்பில் படிந்ததை விரைந்து நீக்கும் மருந்து இல்லை. நீரை மாற்றினால் மேலும் படிவதைத் தடுக்க இயலும்.