கணையத்துக்கும் பருப்பு வேண்டும்

நாயுடுபேட்டைப் பக்கம் சோறுதான் முக்கிய உணவு. சாப்பிட்ட சோறு எப்படி உடம்பில் சேர்கிறது? பல் மென்றால் போதுமா? இரைப்பை கடைந்தால் போதுமா? போதாது. கணையமும் வேலை செய்ய வேண்டும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. அதன் நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. ஆனால் நாள்தோறும் சுமார் ஒன்றரை லிட்டர் நீரைச் சுரக்கிறது. அந்த நீர் சிறுகுடலுக்குப் போகிறது. அதில் நொதிகள் இருக்கின்றன. நொதிகள் உணவை உடைத்துச் செரிக்க வைக்கும். சோற்றில் உள்ள மாவுச்சத்தை ஒரு நொதி உடைக்கும். பருப்பு, முட்டையில் உள்ள புரதத்தை வேறு நொதிகள் உடைக்கும். எண்ணெய், நெய்யை உடைக்க இன்னொரு நொதி உண்டு.

உணவு மாறினால் நொதியும் மாறுமா? 1940களில் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். மாவுச்சத்தை அதிகம் தின்ற எலிகளின் கணையத்தில், மாவை உடைக்கும் நொதி கூடியது. புரதம் அதிகம் தின்றபோது, புரதத்தை உடைக்கும் நொதி கூடியது.

நொதி எதனால் ஆனது? அதுவும் புரதத்தால் ஆனதே. ஆகவே புரதம் நீண்ட நாள் கிடைக்காவிட்டால், கணையத்தால் போதிய நொதி செய்ய முடியாது. நொதி குறைந்தால் தின்றது செரிக்காது. செரிக்காததால் உடம்பு மேலும் மெலியும். இது செக்குமாடு சுற்றுவது போன்றது.

1952இல் உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில், சத்துக்குறைவால் உடல் வீங்கிய குழந்தைகளை மருத்துவர்கள் சோதித்தார்கள். அவர்களின் குடல் நீரில் நொதிகள் மிகவும் குறைந்திருந்தன. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நல்ல உணவு கொடுத்தால் நொதிகள் மீண்டும் பெருகும். கணையம் தேறிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

சோற்றோடு தினமும் பருப்பு சேர்ப்போம். வெறும் ரசச்சோறு போதாது. வேகாத பருப்பில் நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு. எனவே பருப்பை நன்றாக வேக வைப்போம். அங்கன்வாடியில் தரும் முட்டையையும் பாலையும் குழந்தைக்கே கொடுப்போம்.

மெலிந்த குழந்தைக்கு ஒரே வேளையில் திணிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல முறை ஊட்ட வேண்டும். குழந்தையின் இரு கால்களும் வீங்கினால், அல்லது குழந்தை சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடந்தால், தாமதிக்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மது கணையத்தைக் கெடுக்கும். அந்தக் காசில் பருப்பு வாங்கலாம். குடும்பமே சாப்பிடலாம்.