இரண்டு அரிப்புகள்

செய்முறைத் தேர்வின்போது ஒரு மாணவரிடம், "கடலோரத்தில் நட்ட இரும்புக் கம்பம் சீக்கிரம் கெட்டுப்போகக் காரணம் என்ன?" என்று கேட்டேன். "எரோஷன் சார்" என்றார், சற்றும் தயங்காமல். "அப்படியானால் கடற்கரை மணல் கரைந்து போவது?" என்றேன். "அதுவும் எரோஷன்தான்… இல்லை சார், கரோஷன்" என்று தடுமாறினார்.

அவரைக் குறை சொல்லுவதற்கில்லை. கரோஷன், எரோஷன் என்னும் இரு சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் 'ரோடெரே' என்றால் கொறித்தல். எலி, அணில் முதலான கொறிக்கும் பிராணிகளை ஆங்கிலத்தில் ரோடன்ட் என்பதும் இதிலிருந்து வந்ததே. முற்றாகக் கொறிப்பது கரோஷன். கொறித்து அப்பால் எடுத்துச் செல்வது எரோஷன். தமிழிலும் கதை இதேதான். ஏட்டைச் செல் அரிக்கிறது, கரையை ஆறு அரிக்கிறது, இரும்பை உப்புக்காற்று அரிக்கிறது என்கிறோம். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்! பேச்சில் இதனால் நட்டமில்லை. ஆனால் பழுதைச் சரிசெய்யப் புறப்படும்போது சொல் மாறினால் மருந்தும் மாறிப்போகும்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடி, பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இப்பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த விளக்குகள் உண்டு. எங்கள் வீட்டு விளக்கின் உச்சியிலுள்ள அன்னத்துக்கு இன்று மூக்கே இல்லை. இறகுகளில் இருந்த கோடுகளும் மழுங்கிவிட்டன. "களிம்பு தின்னுடுச்சு" என்பார் அப்பத்தா. வெள்ளிதோறும் புளியும் செங்கல் தூளும் கொண்டு அதைத் துலக்கி வந்தவரும் அவரே. அன்னத்தின் மூக்கைத் தின்றது களிம்புதானா? இதற்கு விடை காண வேண்டுமானால் இரு சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. பொருளிலிருந்து உதிர்ந்ததை எடுத்துப் பாருங்கள். உதிர்ந்தது அதே பொருளாக இருந்தால் எரோஷன். வேறொரு பொருளாக மாறியிருந்தால் கரோஷன். கடற்கரையிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட மணல் எங்கே போய்ச் சேர்ந்தாலும் மணல்தான். கம்பத்திலிருந்து உதிரும் செம்பழுப்புத் தூளோ இரும்பன்று. இரும்பு, ஆக்ஸிஜன், நீர் ஆகியவை கூடிய புதுப் பொருள் அது. தாதுவிலிருந்து ஆற்றலைச் செலவிட்டு நாம் பிரித்தெடுத்த இரும்பு, மீண்டும் ஏறக்குறைய தாதுவாகவே ஆகிவிடுகிறது.

இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் துடைத்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, சில மணி நேரம் காத்திருங்கள். சொட்டின் விளிம்பு காற்றுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆக்ஸிஜன் அதிகம், நடுவில் குறைவு. ஆக்ஸிஜன் அதிகமுள்ள இடத்தில்தான் இரும்பு கெடும் என்று நினைப்போம். நடப்பதோ நேர்மாறு. நடுவிலுள்ள இரும்பு அணுக்கள் இரண்டிரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்ஸிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்ஸைடு அயனிகளை உண்டாக்குகின்றன. இரு வகை அயனிகளும் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. குழி விழுவது நடுவில். துரு தெரிவது சற்றுத் தள்ளி! ஒரு சொட்டு நீருக்குள் ஒரு மின்கலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆணித் தலைக்கு அடியிலும், வண்ணப்பூச்சின் கீறலுக்கு உள்ளேயும் இரும்பு அதிகம் கெடுவதற்கு இதுவே காரணம்.

உப்பு இந்த மின்கலத்துக்கு உற்ற துணை. நீரின் மின்கடத்துதிறனை அது கூட்டுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேற்பரப்பை நனைத்தே வைக்கிறது. ஆகவேதான் பாம்பன் ரயில் பாலத்தைப் பராமரிப்பது அவ்வளவு பெரிய வேலையாக இருந்தது. 1914-இல் திறக்கப்பட்ட அந்த எஃகுப் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. விடாமல் வண்ணம் பூசியும் பழுது பார்த்தும் காத்த பாலம் அது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும், பற்றவைத்த இணைப்புகளும், பாலிசிலாக்ஸேன் என்னும் சிறப்புப் பூச்சும் கையாளப்பட்டுள்ளன. எல்லாம் கரோஷனுக்கு எதிரான ஏற்பாடுகள். இத்துறையை ஆராய நம் காரைக்குடியிலேயே ஒரு கூடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் எழுந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. ஊரார் 'சிக்ரி' என்பார்கள். உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு.

பாம்பனைச் சொன்னால் 1964 டிசம்பர் புயலையும் சொல்ல வேண்டும். அன்றிரவு பாலத்தின் உத்திரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. 46 நாட்களில் பாலம் சீராக்கப்பட்டது. தனுஷ்கோடியோ மீளவில்லை. உத்திரங்கள் போனது கரோஷனும் அன்று, எரோஷனும் அன்று. அலையின் ஒரே மோதல். இரண்டு அரிப்புகளுமே மெதுவானவை, இராப்பகலாக நடப்பவை. ஓரிரவில் வந்து போகும் விருந்தாளிகள் அல்ல அவை.

எரோஷனில் வேதியியலுக்கு வேலையில்லை. நீரோ காற்றோ தரும் விசை, மணலையோ மண்ணையோ பெயர்த்து நகர்த்துகிறது. வேகம் இரு மடங்கானால் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். நம் கீழைக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை கரை அசையாததுபோல் தோன்றும். சென்னைத் துறைமுகச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலுக்குள் நீண்டதும் இக்கணக்கு குலைந்தது. தெற்கே மணல் தங்கி மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றுபோன வடக்கே இராயபுரத்துப் பக்கம் கரை தேய்ந்தது. மாலையில் மெரினாவில் காற்று வாங்குவோர் உட்காரும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது!

இப்போது மருந்துக்கு வருவோம். கரோஷனுக்கு மருந்து ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் தடுக்கும் பூச்சு. அல்லது இரும்புக்குப் பதிலாகக் கரைய முன்வரும் துத்தநாகம். ஹம்ப்ரி டேவி 1824-இல் கப்பல்களின் செப்புத் தகடுகளோடு துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் துண்டுகளை இணைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சும் இல்லாமற்போனதால் கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைத்தன. பாவம், டேவி! எரோஷனுக்கு மருந்து வேறு: வேகத்தைக் குறைப்பது, மணல் வரத்தைக் காப்பது, வேர் பிடிக்கும் செடிகளை வளர்ப்பது. மணல் ஏறும் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரின் இம்பெல்லர் தேய்ந்தால், துரு என்று எண்ணி வண்ணம் பூசிப் பயனில்லை. அந்தப் பூச்சையும் சேர்த்து மணல் கொண்டுபோய்விடும். அங்கே தடுக்க வேண்டியது மணலை.

இரண்டும் கைகோத்து வருவதும் உண்டு. பல உலோகங்களின்மேல் கரோஷன் மெல்லிய ஏடாகப் படிந்து, அந்த ஏடே மேலும் கெடாமல் காக்கும். அலுமினியப் பாத்திரம் பல்லாண்டு உழைப்பது இதனால்தான். மணல் கலந்த நீர் அந்த ஏட்டைச் சுரண்டிவிட்டால் உள்ளிருக்கும் புது உலோகம் மறுபடி கெடும், மறுபடி சுரண்டப்படும். குழாய் வளைவுகள் முதலில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

அன்னத்தின் மூக்குக்கு நேர்ந்ததும் இதுவே. பித்தளையிலுள்ள செம்பு ஈரக் காற்றில் பச்சைக் களிம்பாகிறது, அது கரோஷன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அத்தோடு நின்றிருந்தால் இழப்பு மிகச் சிறிதே. செங்கல் தூள் களிம்போடு பித்தளையையும் சேர்த்துச் சுரண்டுகிறது. இப்படி உரசித் தேய்வதை அப்ரேஷன் என்று தனியாகப் பிரிப்பவர்களும் உண்டு. அது எரோஷனின் நெருங்கிய உறவினர். துலக்கிய கழுநீரின் அடியில் தங்கும் வண்டலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், பொன்னிறத் துகள்கள் மின்னும். உதிர்ந்தது பித்தளையேதான்.

பாடநூல்களில் கரோஷனை 'அரிமானம்' என்றும் எரோஷனை 'அரிப்பு' என்றும் எழுதும் வழக்கம் இருக்கிறது. மாணவர்கள் அதையே பின்பற்றலாம். எங்கள் விளக்குக்கு இப்போது புளி மட்டுந்தான். துணியால் ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறோம். "பளபளப்பு பத்தலையே" என்று அப்பத்தா இன்னும் முணுமுணுக்கிறார்.