நேற்றைய நிலைக்குத் திரும்பும் கணிப்பொறி

சிலேட்டில் எழுதியதை அழித்துவிட்டால் அதை மீண்டும் படிக்க முடியுமா? முடியாது. கணிப்பொறியில் அழித்த கோப்பு மட்டும் எப்படித் திரும்பி வருகிறது? சில வேளைகளில் ஏன் வராமலே போய்விடுகிறது? இவற்றுக்கு விடை காண்போம்.

ஒரு நள்ளிரவுத் தவறு

உலகெங்கும் நிரல் எழுதுவோர் தம் வேலைகளைச் சேமித்து வைக்கும் இணையச் சேவைகளுள் ஒன்று கிட்லேப். அதன் தகவல் தளம் இரண்டு கணிப்பொறிகளில் இருந்தது. ஒன்று முதன்மை, மற்றது அதன் மாற்றங்களை உடனுக்குடன் ஏற்கும் துணை. 2017 ஜனவரி 31 அன்று துணைக் கணிப்பொறி பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், உலக நேரப்படி இரவு சுமார் 11 மணிக்கு, துணையில் உள்ளதை அழிப்பதாக நினைத்து முதன்மையில் உள்ளதை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடிகளில் தவறு புரிந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 கிகாபைட் தகவலில் எஞ்சியது ஏறத்தாழ 4.5 கிகாபைட் மட்டுமே!

தினமும் எடுக்கப்படும் காப்புப் பிரதி இருக்குமே என்று தேடினார்கள். அதை வைக்கும் இடம் காலியாக இருந்தது. காப்பு நிரலின் பதிப்பும் தகவல் தளத்தின் பதிப்பும் பொருந்தாததால், பிரதி எடுக்கும் வேலை தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்று சேரவில்லை.

முடிவில் கைகொடுத்தது ஒரு 'ஸ்நாப்ஷாட்'. அது வழக்கமாக 24 மணிக்கு ஒரு முறை தானாக எடுக்கப்படும். அன்று வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் கூடுதலாக ஒன்றை எடுத்திருந்தார். அழிவுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முந்தைய நிலை அதில் இருந்தது. அதைக் கொண்டு சேவையை மீட்டனர். தகவலை நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் திரும்பவில்லை.

ஸ்நாப்ஷாட் என்றால் என்ன?

ஓடும் குதிரையைக் காமிரா ஒரு கணத்தில் படம் பிடிக்கிறது. குதிரை ஓடிக்கொண்டே இருக்கும்; படத்தில் அந்தக் கணம் நிற்கும். அதுபோல வட்டின் ஒரு கண நிலையைப் பதிந்து வைப்பதே ஸ்நாப்ஷாட்.

300 கிகாபைட்டையும் அந்த ஒரு கணத்தில் நகலெடுக்க முடியுமா? முடியாது. இங்குதான் ஒரு தந்திரம் இருக்கிறது.

வட்டைத் தனித்தாள்களால் ஆன ஒரு நோட்டாகக் கருதுங்கள். எந்தப் பாடம் எந்தத் தாளில் உள்ளது என்று சொல்லும் பொருளடக்கம் முன்னால் இருக்கிறது. ஸ்நாப்ஷாட் எடுக்கும்போது கணிப்பொறி தாள்களை நகலெடுப்பதில்லை. பொருளடக்கத்தை மட்டும் காப்பாற்றி வைக்கிறது. பிறகு 7ஆம் தாளில் திருத்தம் வந்தால், அந்தத் தாளைத் தொடாமல் புதுத் தாள் ஒன்றில் எழுதுகிறது. புதிய பொருளடக்கம் புதுத் தாளைக் காட்டும். பழையது பழைய 7ஆம் தாளையே காட்டும். மாறாத தாள்கள் இரண்டுக்கும் பொது. வேறொரு முறையில், பழைய தாளை முதலில் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுவார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: பழையதைக் காப்பாற்றாமல் புதியது எழுதப்படாது.

இதனால் மிச்சமாகும் இடத்தைக் கணக்கிடுவோம். ஒரு வட்டில் 1,00,000 தாள்கள். நாள்தோறும் 1,000 மாறுகின்றன. தினமும் முழு நகல் எடுத்தால் 30 நாளில் 30,00,000 தாள்கள் வேண்டும். ஸ்நாப்ஷாட் முறையில் 1,00,000 தாள்களுடன், மாறியவை 30,000 சேர்ந்து, 1,30,000 போதும்!

எத்தனை நாள் வைத்திருப்பது?

பழையன எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே போனால் எந்த வட்டும் நிறைந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'டைம் மெஷின்' என்னும் தானியங்கிக் காப்பு நிரல் இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று. கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று. அதற்கும் முந்தையவற்றுக்கு வாரத்துக்கு ஒன்று. இடம் போதாதபோது மிகப் பழையது நீக்கப்படும். அண்மைக் காலத்தை நுணுக்கமாகவும் பழங்காலத்தைச் சுருக்கமாகவும் வைத்திருக்கும் நம் நினைவைப் போன்றதுதானே இது?

இது மட்டும் போதுமா?

போதாது. பழைய தாளும் புதிய தாளும் ஒரே நோட்டில் இருக்கின்றன. நோட்டே எரிந்துபோனால்? வட்டு பழுதானால் அதிலுள்ள ஸ்நாப்ஷாட்களும் போய்விடும். உடனுக்குடன் நகலெடுக்கும் துணைக் கணிப்பொறியும் முழுக் காவல் ஆகாது. முதன்மையில் தவறாக ஒன்றை அழித்தால் அந்த அழிப்பையும் அது உடனே நகலெடுத்துவிடும்!

எனவே வல்லுநர்கள் '3-2-1' என்ற விதியைச் சொல்கிறார்கள். மொத்தம் மூன்று பிரதிகள். இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. கிட்லேப் நிகழ்ச்சி இன்னொரு விதியையும் கற்பிக்கிறது: மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்பக் கூடாது.

செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறியில் ஒரு சிறு கட்டுரையை எழுதிச் சேமியுங்கள். அதன் நகலை ஒரு பென் டிரைவில் வையுங்கள். பிறகு கணிப்பொறியில் உள்ளதை அழித்துவிட்டு, நகலிலிருந்து மீட்டுத் திறந்து படியுங்கள். எழுத்துகள் எல்லாம் சரியாக வந்தனவா? நகலெடுத்த பின் நீங்கள் சேர்த்த வரிகள் ஏதேனும் காணாமற்போயினவா? அப்படியானால், எத்தனை மணிக்கு ஒரு முறை நகலெடுப்பது நல்லது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.