பாட்டுத் தொகுப்பும் பெயர்ச் சீட்டும்

சென்ற ஆனி மாதத்தில் கூடலூரை அடுத்த ஓவேலியிலே தேயிலைத் தோட்டத்து வீடொன்றுக்கு நாம் செல்ல நேர்ந்தது. அவ்வீட்டார் 1964ஆம் வருஷத்துச் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கை மலைநாட்டினின்றும் தாயகம் திரும்பியவர்கள். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள்ளே பதினைந்து கேசெட்டுகள். அவற்றுள் ஒன்றேனும் ஒரே படத்தின் பாடல்களைக் கொண்டதன்று. யாவும் பல இடத்துப் பாடல்களைத் தெரிந்தெடுத்துச் சேர்த்த தொகுப்புகளே. மழைநாட்டு ஈரத்தால் நாடாக்களிற் பூசணம் பற்றியிருந்தது. அதைக் கண்ட பின்னரே இத்தகைய தொகுப்புகளைக் குறித்துச் சில எழுதத் துணிந்தோம்.

தொகுத்தல் என்பது தமிழர்க்குப் புதிய தொழிலன்று. தில்லையிற் செல்லரித்துக் கிடந்த ஏடுகளினின்றும் நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தொகுத்தார் என்பர். நம் மிஷன் வட்டாரத்திலோ, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853இல் வேதநாயக சாஸ்திரியார் முதலியோருடைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டனர். எனினும் ஏடும் அச்சும் பாட்டின் சொல்லையே காக்க வல்லன. பாடினவர் குரலைத் தொகுப்பதற்கு இசைத்தட்டு வரவேண்டியதாயிற்று.

இந்தியாவில் 1902ஆம் வருஷத்தில் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் என்னும் அம்மையார் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். அக்காலத்துத் தட்டில் மூன்று நிமிஷமளவே பாட்டு அடங்கும். அச்சிறு பொழுதிலும், பாட்டு முடிந்தவுடன் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டுகள் ஜெர்மனி தேசத்து ஹானோவரில் அச்சாகிவந்தமையால், பாடியவர் இன்னாரென்று அங்குள்ளார் அறிவதற்காகவே இவ்வழக்கம் ஏற்பட்டது என்பர். பாட்டோடு பெயரும் தட்டிலேயே பதிந்து கிடந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்க. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பல தட்டுகளைப் புகைப்படப் புத்தகம் போன்ற உறைகளில் அடுக்கி விற்றமையால் அதற்கு ஆல்பம் என்று பெயர் வந்தது. 1948இல் அமெரிக்காவிற் கொலம்பியா கம்பெனியார் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டை வெளியிட்டனர். புத்தகம் ஒரே தட்டாகச் சுருங்கிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. பற்பல பாடகரை ஒரே தட்டில் அமர்த்துவதும் எளிதாயிற்று.

இவ்வகையிற் சிறந்த ஒன்றை மட்டும் சொல்லுகிறோம். ஹாரி ஸ்மித் என்பவர் 1927 முதல் 1932 வரை வெளிவந்து மக்கள் மறந்துபோன அமெரிக்க நாட்டுப்பாடல் தட்டுகளினின்றும் 84 பாடல்களைத் தெரிந்து 1952இல் வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடினவர் பெயர், தட்டு வெளிவந்த விவரம் முதலியன ஒரு கையேட்டில் எழுதி உடன் வைத்தார். அத்தொகுப்பிற் பாடியிருந்த மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்னும் நீக்ரோ உழவரைப் பிற்காலத்து ஆர்வலர் 1963இற் கண்டுபிடித்து மீண்டும் மேடையேற்றினர். அவருடைய வேறொரு பழைய பாட்டில் அவர் தம் ஊர்ப் பெயரைப் பாடியிருந்தமையே துணையாயிற்று.

இனி நம் நாட்டுக் கேசெட்டுக்கு வருவோம். பிலிப்ஸ் கம்பெனியார் அதனை வெளியிட்டது 1963இல். நம் கடைவீதிகளில் அது பெருகியது எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலுமாம். சிற்றூர்தோறும் ரிக்கார்டிங் கடைகள் தோன்றின. கடைக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்திற் பாடல்களுக்கு எண்ணிட்டு வைத்திருப்பார். வேண்டியவர் எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பெற்றுக்கொள்வர். அறுபது நிமிஷ நாடாவில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நான்கு நிமிஷப் பாட்டு ஏழு போக மீதி இரண்டு நிமிஷத்தை வீணாக்குவானேன் என்று எட்டாம் பாட்டையும் தொடங்கிவிடுவார். அது சரணத்தின் நடுவே அறுந்து நிற்கும். அப்பாட்டை அவ்விடம் வரையிலேயே பாடத் தெரிந்தவர் பலரை நாம் அறிவோம்! மேலே பதிவு அழியாதிருக்கப் பின்புறத்துப் பிளாஸ்டிக் துண்டை ஒடித்துவிடுவதும், மனம் மாறினால் அத்துளையிற் காகிதம் அடைத்துப் புதிது பதிவதும் வீட்டுக்கு வீடு நடந்தன.

இத்தொழில் சட்டத்துக்கு ஒத்ததன்று. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தி, ஒலிப்பதிவு செய்தவர் பெயர், உரிமையாளர் பெயர், வெளியீட்டு வருஷம் ஆகியவற்றை உறைமேற் குறித்தல் வேண்டும் என்று விதித்தனர். பாடினவர்க்கும் இசையமைத்தவர்க்கும் இக்கடைகளால் ஒரு காசும் கிட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் கூலி வேலை செய்வோர் தாம் விரும்பிய பாடல்களைத் தாம் விரும்பிய வரிசையில் ஒன்றாக வைத்துக்கொள்ள வேறு வழியும் இருந்ததில்லை. கிராமபோன் கம்பெனியின் வழிவந்த சரிகம ஸ்தாபனத்தார் 2017இல் 5,000 பாடல்களை அடைத்து ஒரு பெட்டி விற்கத் தொடங்கினர். அவற்றைத் தெரிந்தெடுத்தவர் அவர்களே. ஓவேலித் தகரப் பெட்டியில் இருந்தவை இருநூறுக்கு மேற்படா. யாவும் அவ்வீட்டார் தெரிந்தவை.

அவற்றுள் ஒரு வேறுபாடு கண்டோம். கடையிற் பதிந்த நாடாக்களிற் பாட்டு மட்டுமே உண்டு. படத்தின் பெயரோ பாடகர் பெயரோ அறிவதற்கு உறைக்குள் மடித்து வைத்த சீட்டு ஒன்றே ஆதாரம். ஐந்து நாடாக்களோ இலங்கை வானொலியினின்றும் வீட்டிலேயே பதிந்தவை. அறிவிப்பாளர் படம், பாடியோர், இசையமைத்தவர், பாட்டை விரும்பிக் கேட்டோர் என்று பெயர்களை அடுக்கிச் சொல்லிய பின்னரே பாட்டு தொடங்குகிறது. கௌஹர் ஜானுடைய வழக்கம் இங்கே வேறு வழியில் மீண்டது போலும். அவ்வீட்டுப் பாட்டியார் தம் தமையனார் பெயர் ஒலிக்கும் இடத்தை நமக்குத் தேடிக் காட்டினார். அவர் நுவரெலியாப் பக்கத்திலேயே தங்கிவிட்டவராம்.

எஞ்சிய பத்தில் ஆறின் சீட்டுகளை எழுதி எடுத்துக்கொண்டோம். நான்கில் மை கரைந்துவிட்டது. அவற்றை ஓடவிட்டு, பாட்டியார் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினோம், இரண்டு முடிந்தன. மற்றவற்றுக்காக ஐப்பசி விடுமுறையில் மீண்டும் செல்வதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.