மூளையின் கடிவாளம்

பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை உள்ள குழந்தைக்கு அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பார்கள் கண் மருத்துவர்கள். பத்து வயதில் புரையை அகற்றினால் கண் தெளியும். பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. அந்தக் கண் அனுப்பும் செய்தியைப் படிக்க மூளை பழகாமலே வளர்ந்துவிட்டிருக்கும்.

1960-களில் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தார்கள். பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணியின் நியூரான்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டன. வளர்ந்த பூனைகளிடம் அந்த மாற்றம் நிகழவில்லை. இளமையில் இவ்வளவு நெகிழும் மூளை பிறகு ஏன் இறுகுகிறது?

விடை ஒரு சிறுபான்மையிடம் இருந்தது. புறணியின் நியூரான்களில் சுமார் ஐந்தில் ஒன்று, காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து மற்ற நியூரான்களை அடக்குகிறது. இந்தத் தடுப்பு நியூரான்கள்தான் புறணியின் கடிவாளம்.

1998-இல் டகாவோ ஹென்ஷ் குழுவினர், போதிய காபா சுரக்காத எலிகளை ஆராய்ந்தனர். தடுப்பு குறைந்தால் நெகிழ்வு கூடும் என்றுதானே நினைப்போம்? அந்த எலிகளிடம் நெகிழும் பருவமே வரவில்லை. காபாவின் வேலையை வலுப்படுத்தும் டையாசிபாம் கொடுத்ததும் வந்தது. ஓரளவு தடுப்பு இருந்தால்தான், இரைச்சலுக்கு நடுவே எந்தக் கண் தெளிவாகப் பேசுகிறது என்று புறணியால் பிரித்தறிய முடிகிறது.

வயது ஏற ஏறத் தடுப்பு நியூரான்கள் பலவற்றைச் சுற்றி, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த வலை ஒன்று படர்ந்து இறுகுகிறது. 2002-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வளர்ந்த எலிகளில் அந்த வலையை நொதியால் கரைத்தபோது நெகிழ்வு மீண்டது. வளர்ந்த எலியின் ஒரு கண்ணை மூடினால் புறணியில் தடுப்பு இணைப்புகள் சில மறைகின்றன என்பதையும் 2012-இல் வேறு ஆய்வாளர்கள் நேரடியாகவே பார்த்தார்கள். ஆக, முதிர்ந்த மூளை நெகிழும் திறனை இழப்பதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தப் பிடியைத் தளர்த்த மருந்துதான் வேண்டும் என்பதில்லை. எலி ஓடும்போது, ஒருவகைத் தடுப்பு நியூரான்கள் இன்னொரு வகைத் தடுப்பு நியூரான்களையே அடக்குகின்றன. 2014-இல் மைக்கேல் ஸ்டிரைக்கர் குழுவினர், நெடுநாள் ஒரு கண் மூடியிருந்த எலிகளின் கண்ணைத் திறந்து, காட்சிகளைக் காட்டியபடியே ஓடவிட்டார்கள். புறணி அந்தக் கண்ணுக்கு வேகமாகப் பதிலளிக்கத் தொடங்கியது. எந்தக் காட்சியைப் பார்த்தபடி ஓடினவோ, அந்தக் காட்சிக்கே பலன் கிடைத்தது.

எலியில் கண்டது மனிதருக்குச் சிகிச்சையாக வர இன்னும் உழைப்பு வேண்டும். தடுப்பைக் கண்டபடி குறைத்தால் வலிப்பு வரும். சரியான நேரத்தில், சரியான பயிற்சியோடு, அளவாகத் தளர்த்துவதே இலக்கு. அது கைகூடும்வரை, குழந்தைகளின் கண்ணைச் சிறுவயதிலேயே சோதித்துவிடுவதுதான் நம் கையில் உள்ள மிகச் சிறந்த மருத்துவம்.