பால் மரம் தளிர்க்கும் நாளில் லிங்கிப் பாதைகளில் மின்சைக்கிள்

லிங்கி – மலேசியாவில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. இளவேனிலைப் பள்ளிப் பாடநூலில் படித்ததோடு சரி. ஆனாலும் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு ஈடான ஒரு காலம் தெரியும். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை பால் மரங்கள் இலை உதிர்க்கும். பச்சையாக நின்ற காடு மஞ்சளாகி, சிவந்து, கொட்டி, சில வாரங்களில் வெறும் கிளையாகிவிடும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் பச்சையாகும் வரை செம்மண் பாதையின் தரை வரைக்கும் வெயில் இறங்கும். சக்கரம் உருண்டால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்கும்.

மரம் சீவிய குடும்பங்களுக்கு இது ரசிக்கும் காலமாக இருந்ததில்லை. புது இலை விடுவதற்கு மரம் தன் சேமிப்பைச் செலவழிப்பதால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும், கடைக் கணக்கு ஏறும். அதே பாதையில் இன்று யாராவது காற்று வாங்கிக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள் என்றால், வேலைக்காகப் போட்ட பாதை இப்போதுதான் ஓய்வுக்கும் வந்திருக்கிறது என்று பொருள்.

போர்ட்டிக்சன் மாவட்டத்தின் தென்கோடியில், நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக ஓடும் ஆற்றை ஒட்டியது லிங்கி. சாலைகள் வருவதற்கு முன் இந்த ஆறுதான் சாலை. சுங்கை ஊஜோங்கில் தோண்டிய ஈயம் இதன் வழியாகத்தான் கடலுக்குப் போனது. வழியில் ஆளுக்கொரு இடத்தில் சுங்கம் வசூலித்ததில் தகராறு முற்றி, 1874-இல் பிரிட்டிஷார் உள்ளே நுழைய அதுவும் ஒரு காரணமாயிற்று. அடுத்த தலைமுறையில் ரப்பர் வந்தது. லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகளுள் லிங்கியின் பெயரைத் தாங்கிய ஒன்றும் இருந்தது. ரப்பரோடு தமிழர்களும் வந்தார்கள். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பால் நிறுக்கும் இடம் ஆகியவற்றை இணைத்துப் பாதைகள் பிறந்தன.

அந்தப் பாதைகளின் வாகனம் சைக்கிள். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள், கேரியரின் இருபுறமும் பால் வாளி தொங்க மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தவர்கள், பள்ளிப் பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்தவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் சிரம்பானிலும் நீலாயிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குக் காரில் வந்து காரிலேயே திரும்புகிறார்கள். நடுவில் இருக்கும் பாதை கண்ணில் படுவதே இல்லை. மின்சைக்கிளால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் இவர்கள்தாம். ஆனால் விளம்பரங்களில் வருவதெல்லாம் இருபது வயது இளைஞர்கள்.

மின்சைக்கிள் என்பது மோட்டார் சைக்கிளின் தம்பி அல்ல. நல்ல மின்சைக்கிளில் காலால் மிதித்தால்தான் மோட்டார் உதவும். விலை குறைந்த வகையில் உள்ள உணரி, பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். மேலான வகையில் உள்ளது, கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து அதற்கேற்ப உதவும். நெகிரி செம்பிலான் தோட்டங்கள் மேடும் பள்ளமுமானவை என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். முதல் வகை மேட்டில் தாமதமாக விழித்துக்கொண்டு திடீரென்று இழுக்கும். இரண்டாவது, பின்னால் ஒருவர் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 360 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. அவசரமில்லாமல், குறைந்த உதவியில் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும். அதாவது முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முழுதாகச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரமே போதும். ஆனால் வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டும். பேட்டரி தீர்ந்துவிட்டால் மேட்டில் தள்ளுவது பழைய பால் வாளிச் சைக்கிளைத்தான் நினைவூட்டும். பாதி பேட்டரி தீருமுன் திரும்பிவிடுவது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பதும், எல்லாரும் தூங்கும்போது சார்ஜில் போடுவதும் வேண்டாம்.

உடல்நலக் கணக்கும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முட்டி வலிக்கிறது என்று நடப்பதையே விட்டவர்களுக்கு, உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்ளும் சைக்கிள் ஒரு வழி. மோட்டார் உதவினாலும் கால் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சீட்டை மட்டும் தாழ்த்தி வைக்கக் கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடிந்திருந்தால் போதும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். முதல் முறை போகுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியான விதிப்படி மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நகர்வுச் சாதனங்களும் மொபெட் வகைகளும் சாலையில் ஓடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட்டால்தான் மின்சைக்கிள் சைக்கிளாகவே கருதப்படும். கைப்பிடியைத் திருகினாலே மிதிக்காமல் பறக்கும் வண்டிகளும் இங்கே இணையத்தில் மின்சைக்கிள் என்றே விற்கப்படுகின்றன. பணம் கட்டுமுன் அந்த மாடல் சாலையில் ஓடலாமா என்று ஜேபிஜே-யிடம் கேட்பது, வாங்கிய பின் சம்மன் கட்டுவதைவிட மலிவு.

இன்னொன்று, தோட்டப் பாதை பொதுப் பாதை அல்ல. அப்பா அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டியிருக்கலாம், நிலம் கம்பெனியுடையது. பாதுகாவலர் சாவடியில் பெயர் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். பிறந்த இடத்தில் போய் அனுமதி கேட்பதா என்று சிலருக்கு மனம் கசக்கும். கசப்பு நியாயமானதே. அதற்காகக் கம்பிவேலியைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது.

பெருந்தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனைதான். செம்பனையில் இலையுதிர் காலமும் இல்லை, தளிர் காலமும் இல்லை. நாட்டில் எஞ்சியிருக்கும் ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு சிறுதோட்டக்காரர்கள் கையில் உள்ளது. அதனால் செம்புத் தளிரைப் பார்க்க வேண்டுமென்றால் ரெம்பாவ் பக்கமாகப் போகும் கம்பத்துப் பாதைகளில் தேட வேண்டும். இந்தப் பாதைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லோரிகள் விரையும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையை மட்டும் கூடியவரை தவிர்க்கலாம். கடக்க நேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கலாம்.

அந்த மாதங்களில் விடிய ஏழேகால், ஏழரை ஆகும். வெளுத்ததும் கிளம்பினால் ஒன்பதரைக்குள் திரும்பிவிடலாம். அதற்கு மேல் வெயில் பொறுக்காது. செம்பனை மட்டையின் முள் டயரைக் குத்தும், ஆகவே மாற்று டியூப் தேவை. லயத்து நாய்களுக்குச் சத்தமில்லாமல் வரும் வண்டி பிடிக்காது. தூரத்திலேயே மணி அடித்துவிட வேண்டும்.

இளைப்பாற பெங்காலான் கெம்பாஸ் நல்ல இடம். அங்கே அகமது மஜ்னுன் கல்லறையருகே வாள், கரண்டி, சுக்கான் என்று அழைக்கப்படும் நெடுங்கற்கள் நிற்கின்றன. பக்கத்தில் ஜாவி, காவி ஆகிய இரண்டு எழுத்துகளிலும் பொறித்த 1467-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கல்லில் ஒரு துளை உண்டு. பொய் சொல்பவர் கையை விட்டால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். மின்சைக்கிளில் எவ்வளவு தூரம் மிதித்தேன் என்று வீட்டில் பெருமை பேசப்போகிறவர்கள் கையை விடாமல் இருப்பது நல்லது.

அங்கிருந்து ஆற்றங்கரை தூரமில்லை. ஆனால் லிங்கி ஆற்றில் முதலை உண்டு. வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். கால் நனைக்க இறங்க வேண்டாம்.